மே மாதம் முடிவதற்குள் ஓர் ஒட்டுப்போர்வை

மூன்று கோடைகளாக எங்கள் வீட்டுப் பரணில் ஒரு மஞ்சள் பை கிடந்தது. அதற்குள் 210 துணிச் சதுரங்கள். இரட்டைக் கட்டிலுக்குப் போர்வை தைக்கப் போகிறேன் என்று ஓர் ஏப்ரலில் ஆரம்பித்தேன். 90 அங்குல அகலம், 108 அங்குல நீளம், மொத்தம் 480 சதுரம். காகிதத்தில் எழுதியபோது அது பெரிய எண்ணாகவே தெரியவில்லை. பாதிகூட வெட்டி முடிப்பதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அடுத்த வருடம் பையைப் பிரித்துப் பார்த்தால், ஒரு சதுரம் இன்னொன்றோடு பொருந்தவில்லை. அதற்கடுத்த வருடம் பையைப் பிரிக்கவே மனம் வரவில்லை.

நான்காம் கோடையில் அந்தச் சதுரங்களைப் பயன்படுத்தாமல், குழந்தைக்குப் போர்த்தும் அளவில் புதிதாக ஒன்றைத் தொடங்கினேன். மே 26ஆம் தேதி முடித்துவிட்டேன். என்ன மாற்றிச் செய்தேன் என்பதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்கு மிஷினில் நேர்த்தையல் போடத் தெரிந்தால் போதும். பிளவுஸ் தைக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

1. அளவை நோட்டில் எழுதிவிட்டுத் துணியைத் தொடுங்கள்

முதல் போர்வைக்கு இந்த அளவைத் தாண்டாதீர்கள்: அகலத்தில் 8 சதுரம், நீளத்தில் 10 சதுரம், ஆக 80. ஒவ்வொரு சதுரமும் 5 அங்குலத்துக்கு வெட்ட வேண்டும். நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போக, நாலரை அங்குலம் கண்ணுக்குத் தெரியும். அப்படியானால் போர்வை 36க்கு 45 அங்குலம். கைக்குழந்தை முதல் மூன்று வயதுக் குழந்தை வரை போர்த்தலாம். பெரியவர்கள் பஸ் பயணத்தில் மடியில் போட்டுக்கொள்ளலாம்.

நோட்டின் முதல் பக்கத்தில் இந்த எண்களை எழுதி வையுங்கள்: இரண்டு சதுரம் சேர்த்தால் 9½ அங்குலம். எட்டு சேர்ந்த ஒரு வரிசை 36½. பத்து வரிசையும் சேர்ந்தால் நீளம் 45½. ஒவ்வொரு கட்டத்திலும் இஞ்ச் டேப்பை வைத்து இந்த எண் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். நான் மூன்று கோடைகளில் ஒருமுறைகூட அளந்து பார்க்கவில்லை. கண் அளவை நம்பினேன்.

2. மிஷினை ஏப்ரலிலேயே கவனியுங்கள்

மே நடுவிலிருந்து பள்ளிச் சீருடை தைக்கும் வேலை குவிந்துவிடும். அப்போது தையல்காரர்களுக்கும் நேரமிருக்காது, மிஷின் பழுது பார்ப்பவர்களும் கிடைக்க மாட்டார்கள். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் கூப்பிட்டால் வீட்டுக்கே வந்து பார்த்துக் கொடுப்பார்கள். எனக்கு 350 ரூபாய் ஆனது.

காலால் மிதிக்கும் கறுப்பு மிஷினே இந்த வேலைக்குத் தாராளம். சொல்லப் போனால் அதுதான் நல்லது: மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று பகல் முழுக்கக் கரண்ட் போகும் நாளிலும் வேலை நிற்காது. மின்விசிறியும் நின்றுவிடும், அது வேறு விஷயம்.

பழைய மிஷின் வாங்குவதாக இருந்தால் கடையிலேயே இரண்டு மடிப்புத் துணியில் ஒரு முழம் ஓட்டிப் பாருங்கள். மேல்பக்கத் தையலும் அடிப்பக்கத் தையலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அடியில் நூல் தொளதொளவென்று வளையம் வளையமாக விழுந்தால், முதலில் மேல்நூலைப் புதிதாகக் கோத்து இன்னொரு முறை ஓட்டச் சொல்லுங்கள். அப்போதும் விழுந்தால் விலையைக் குறைக்கிறேன் என்றாலும் வேண்டாம். துணியை நகர்த்தும் பல் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மிஷினில் பொறித்திருக்கும் வரிசை எண்ணைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். பிறகு தகராறு வந்தால் அந்தச் சீட்டு மட்டுமே கையில் இருக்கும். நான் வாங்கியது 4,500 ரூபாய், வாருக்குத் தனியாகக் கொடுத்தேன்.

மிஷின் வாங்க வசதியில்லாத பெண்களுக்குத் தமிழக அரசின் சமூக நலத்துறையில் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், வருமானம் குறைந்த பெண்கள், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கானது. வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, வயதுச் சான்று, ஆதார், புகைப்படம் ஆகியவற்றோடு தையல் பயிற்சிச் சான்றும் கேட்பார்கள். பலர் தடுக்கி விழும் இடம் இந்தக் கடைசிச் சான்றுதான். பக்கத்து வீட்டு அக்காவிடம் கற்றுக்கொண்டது கணக்கில் வராது. பதிவு பெற்ற நிலையத்திலிருந்து வாங்க வேண்டும். எனவே இந்தக் கோடைக்கு மிஷின் வந்துவிடும் என்று நம்பி வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். வருமான வரம்பையும் மற்ற தகுதிகளையும் இ-சேவை மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு சின்ன எச்சரிக்கைகள். மிஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசினாகிப் பிடித்துக்கொள்ளும். மிஷின் எண்ணெய் விட்ட அன்று, பழந்துணியில் பத்து நிமிடமாவது ஓட்டி எண்ணெய் கசிவது நின்ற பிறகுதான் நல்ல துணியை வைக்க வேண்டும். இன்னொன்று ஊசி. வீட்டு மிஷின் ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பவர் மிஷின் ஊசித் தண்டு முழு உருண்டை. கடையில் அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். சதுரங்களை இணைக்க 14ஆம் எண், எல்லா அடுக்கையும் சேர்த்துத் தைக்க 16ஆம் எண்.

3. புடவை ஒன்று, புதுத்துணி இரண்டரை மீட்டர்

மேலே தெரியும் சதுரங்களுக்குப் புதுத்துணி, உள்ளேயும் அடியிலும் பழைய பருத்திப் புடவை. இது என் தீர்மானம். எல்லாமே பழைய துணியில் செய்தால் செலவு மிச்சம்தான், ஆனால் பழசில் ஒன்று நைந்ததும் ஒன்று உறுதியானதுமாகக் கலந்து, ஆறு மாதத்தில் அங்கங்கே கிழியும்.

புதுத்துணிக்குப் பாப்ளின் போதும். ஐந்து நிறங்களில் அரை அரை மீட்டர் வாங்குங்கள். 36 அங்குல அகலத் துணியில் ஓரக்கரையைக் கழித்துவிட்டால் அகலத்துக்கு 6 சதுரம், அரை மீட்டர் நீளத்துக்கு 3 வரிசை, ஆக நிறத்துக்கு 18. ஐந்து நிறத்துக்கு 90. பத்து சதுரம் தப்புத்தண்டாவுக்கு. 40 சென்டிமீட்டர் போதுமே என்று கடையில் சொல்வார்கள். கணக்குப்படி சரிதான், ஆனால் நனைத்தால் சுருங்கி மூன்றாவது வரிசை இல்லாமல் போகும்.

திருப்பூர் காதர்பேட்டையில் கிலோக் கணக்கில் வெட்டுத்துணி மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். அங்கே பெரும்பாலும் பனியன் துணி. இழுத்தால் இழுபடும், சதுரம் சதுரமாக நிற்காது. ஈரோட்டில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் ஜவுளிச் சந்தைக்குப் போக முடிந்தவர்கள் போகலாம், ஆனால் இரண்டரை மீட்டருக்காக அவ்வளவு தூரம் தேவையில்லை.

புடவை பழைய பருத்தியாக, பலமுறை துவைத்து மெத்தென்று இருக்க வேண்டும். செட்டிநாட்டுக் கண்டாங்கி மாதிரி தடித்த நூல் புடவையானால் உள்ளே ஒரே அடுக்குப் போதும். ஃபால்ஸைப் பிரித்து எடுத்துவிடுங்கள். ஐந்தரை மீட்டர் என்றால் 216 அங்குலம். 49 அங்குல நீளத்தில் நான்கு துண்டு வரும். முந்தானைப் பக்கத்துத் துண்டு பெரும்பாலும் நைந்திருக்காது, அது அடிப்பக்கத்துக்கு. மற்றவற்றில் இரண்டு உள்ளே. கொசுவம் வைத்து இடுப்பில் செருகிய இடம் எப்போதும் நைந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரிந்துவிடும். அதை உள்ளே போடுங்கள் அல்லது மிச்சத் துண்டாக ஒதுக்குங்கள்.

உள்ளே வைக்க இலவம்பஞ்சு வேண்டாம். ஒரு மூலையில் போய் உருண்டுகொள்ளும். மீட்டர் கணக்கில் விற்கும் பாலியஸ்டர் பஞ்சுத் தாள் பார்வைக்கு உப்பலாக அழகாக இருக்கும், நம் ஊர் வெக்கையில் அதைப் போர்த்திய குழந்தை பத்து நிமிடத்தில் உதைத்துத் தள்ளிவிடும்.

இடையில் பணக்கணக்கைச் சொல்லிவிடுகிறேன். துணி 300, தையல் நூல் மூன்று உருளை 60, ஊசி 40, ஊக்கு 50, எம்பிராய்டரி நூல் நான்கு லச்சி 60, சாக்கட்டி முதலானவை 20, மிஷின் பழுது 350. மொத்தம் 880 ரூபாய். ஊருக்கு ஊர் சிறிது மாறும். துணிக்கடை ரசீதில் ஒவ்வொரு துணியிலும் ஒரு சின்னத் துணுக்கைப் பின் அடித்து வையுங்கள். சதுரம் குறைந்தால் அதைக் காட்டித்தான் அதே நிறத்தை வாங்க முடியும். "கிளிப்பச்சைக்கும் கொஞ்சம் கீழே" என்று வாயால் சொல்லி வாங்கியது எனக்கு ஒருநாளும் பொருந்தியதில்லை.

4. நனைத்து உலர்த்துங்கள், இதைத் தாண்டிப் போகாதீர்கள்

புதுத்துணியை ஒவ்வொரு நிறமாகத் தனித்தனி வாளியில் ஓர் இரவு ஊற வையுங்கள். மறுநாள் ஈரத்தோடு ஒரு வெள்ளைக் கைக்குட்டையை அதன்மேல் வைத்து அழுத்துங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் திரும்ப அலச வேண்டும். மெரூன், சிவப்பு, கருநீலம் மூன்றும் சந்தேகத்துக்குரியவை. கல் உப்புப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். நான் இரண்டு கைப்பிடி போட்டும் பார்த்தேன், நிற்கவில்லை. விடுகிற சாயம் விட்டுத் தீரும்வரை அலசுவதுதான் வழி. நான்கு முறை அலசியும் விட்டால் அந்தத் துணியைப் பைக்கு வைத்துக்கொண்டு போர்வைக்கு வேறு வாங்குங்கள்.

மொட்டை மாடியில் வெயிலில் விரிக்க வேண்டாம். அக்னி நட்சத்திர வெயிலில் ஒரே நாளில் மடிப்புக் கோடு வெளுத்துவிடும். நிழலில் போட்டாலும் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள், அதையும் காலை ஏழு மணிக்குள்.

5. வெட்டுவதில்தான் போர்வை இருக்கிறது

என் 210 சதுரங்கள் ஏன் பொருந்தவில்லை என்று நான்காம் கோடையில் உட்கார்ந்து அளந்து பார்த்தேன். முதலில் வெட்டியவை சரியாக 5 அங்குலம். கடைசியில் வெட்டியவை 4¾. காரணம் அட்டை. காலண்டர் அட்டையில் ஒரு சதுரம் வெட்டி, அதை வைத்துத்தான் எல்லாவற்றையும் வரைந்திருந்தேன். இருபது முப்பது முறை சாக்கட்டி உரசியதும் அட்டையின் ஓரம் தேய்ந்து மூலை மழுங்கிவிட்டது.

அட்டையே வேண்டாம். வீட்டில் பழைய எக்ஸ்ரே படம் இருந்தால் அதில் 5 அங்குலச் சதுரம் வெட்டுங்கள். தேயாது, அடியில் உள்ள துணியும் ஓரளவு தெரியும். மூலைக்கு மூலை குறுக்காக அளந்து இரண்டும் சமமா என்று பாருங்கள். சமமில்லை என்றால் அது சதுரமே இல்லை. பெயர்ப்பலகை செய்யும் கடையில் அக்ரிலிக் துண்டு வெட்டித் தரச் சொன்னாலும் தருவார்கள்.

துணியை விரித்ததும் முதலில் ஓர் ஓரத்தைக் கத்தரியால் லேசாக வெட்டி, கையால் நேராகக் கிழியுங்கள். துணிக்கடைக்காரர் கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிக் கிழிந்த ஓரம் இழையோடு போகும். அந்த ஓரத்தை வைத்து வரைந்தால்தான் சதுரம் பாவும் ஊடும், அதாவது நெடுக்கு இழையும் குறுக்கு இழையும், நேராக இருக்கும்படி அமையும். மிச்சம் பிடிக்கிறேன் என்று மூலைவாட்டில் ஒரு சதுரம் வெட்டினீர்களானால் அது ரப்பர் போல இழுபட்டு அந்த வரிசையையே கோணலாக்கும்.

சாக்கட்டியைப் பிளேடால் சீவிக் கூராக்கிக்கொள்ளுங்கள், அல்லது பென்சிலால் வரையுங்கள். கோட்டின் உட்பக்கமாக வெட்டுங்கள், எல்லாச் சதுரத்துக்கும் அதே மாதிரி. இரண்டு மடிப்புக்கு மேல் சேர்த்து வெட்டாதீர்கள். அடியில் இருப்பது நழுவும். கத்தரியை முன்கூட்டியே சாணை பிடித்து வையுங்கள், வீட்டில் யாரும் அதை எடுத்துப் பால் பாக்கெட் வெட்டாமல் ஒளித்தும் வையுங்கள்.

80 சதுரத்துக்கு எனக்கு ஐந்து மணி நேரம் ஆனது, மூன்று நாளாகப் பிரித்துச் செய்தேன். ஒரே நாளில் வெட்டினால் கட்டைவிரல் வீங்கும், கடைசி இருபது சதுரத்தில் அவசரம் தெரியும்.

6. இணைத்தல்

அறையின் மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தரையில் 8க்கு 10 ஆகப் பரப்புங்கள். நான் நிறுத்த மறந்தேன். ஒரு மணி நேரம் அடுக்கியதை ஒரு நொடியில் திரும்ப அடுக்க வேண்டி வந்தது. பிடித்தபடி அமைந்ததும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசையையும் இடமிருந்து வலமாக அடுக்கி, மேலே ஒரு காகிதத்தில் எண் எழுதிக் குண்டூசியால் குத்தி வையுங்கள்.

கால் அங்குலத் தையல் என்பதை மிஷினின் பாதத்தை நம்பிப் போடாதீர்கள். பாதத்தின் ஓரம் எல்லா மிஷினிலும் சரியாகக் கால் அங்குலத்தில் இருப்பதில்லை. ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து, மிஷின் தட்டில் இன்சுலேஷன் டேப்பை மூன்று நான்கு அடுக்காக ஒட்டிவிடுங்கள். துணி அதில் இடித்துக்கொண்டே நேராகப் போகும். முதலில் இரண்டு சதுரத்தைத் தைத்து அளந்து பாருங்கள். 9½ வர வேண்டும். தச்சர் கணக்கில் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், ஒவ்வொரு தையலிலும் கூடுதலாகப் பிடித்தால் இரண்டு துணியிலும் குறைந்து, ஏழு தையலில் ஒன்றே முக்கால் அங்குலம் போய்விடும்.

இரண்டிரண்டாக இணைக்கும்போது நடுவில் நூலை வெட்டாமல் அடுத்த ஜோடியை அப்படியே பின்னால் கொடுங்கள். தோரணம் போல வரிசையாக வெளியே வரும். கடைசியில் வெட்டிக்கொள்ளலாம். நேரமும் நூலும் மிச்சம்.

வரிசை முடிந்ததும் இஸ்திரி. ஒற்றைப்படை வரிசைகளில் தையல் விளிம்புகளை இடப்பக்கம் சாய்த்தும், இரட்டைப்படை வரிசைகளில் வலப்பக்கம் சாய்த்தும் அழுத்துங்கள். இரண்டு வரிசைகளைச் சேர்க்கும்போது விளிம்புகள் எதிரெதிராக வந்து ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும், மூலைகள் தாமாகச் சேரும். இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் வைத்து வைத்து எடுங்கள். இந்த வேலையைத் தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுக்க வேண்டாம். வேட்டியை இழுத்துத் தேய்ப்பது போல் தேய்த்துக் கொடுத்துவிடுவார்கள்.

7. அடுக்குதல்

தரையைத் துடைத்து உலரவிட்டு, அடிப்பக்கப் புடவைத் துண்டை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டுங்கள். அதன்மேல் உள்துண்டுகள். அதன்மேல் நீங்கள் தைத்தது. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கையால் நீவிக்கொண்டே போய், சதுரத்துக்கு ஓர் ஊக்கு குத்துங்கள். டைல்ஸ் தரையில் செய்யுங்கள். நான் முதலில் பாயில் விரித்துக் குத்தினேன். தூக்கியபோது பாயும் சேர்ந்து வந்தது.

ஊக்குகளை எண்ணிக் குத்தி நோட்டில் எழுதுங்கள். 80 உள்ளே போனால் 80 வெளியே வர வேண்டும். குழந்தைக்குப் போர்த்தப் போகிறோம்.

8. முடிச்சா, ஓட்டத்தையலா

அடுக்குகள் நகராமல் சேர்த்துப் பிடிக்க, பெரிய குழந்தைக்கோ பெரியவர்களுக்கோ என்றால் முடிச்சுப் போதும். சதுரங்கள் சந்திக்கும் 63 இடங்களில் ஆறு இழை எம்பிராய்டரி நூலை அப்படியே மேலிருந்து கீழே குத்தி, கால் அங்குலம் தள்ளி மேலே எடுத்து, இரண்டு முறை இறுக்கி முடிச்சிட்டு அரை அங்குலம் விட்டு வெட்ட வேண்டும். இரண்டு மாலையில் முடிந்துவிடும்.

கைக்குழந்தைக்கு முடிச்சு வேண்டாம். நீட்டிக்கொண்டிருக்கும் நூல் விரலில் சுற்றிக்கொள்ளும், வாயிலும் போகும். அதற்குக் கையால் ஓட்டத்தையல்தான். இரண்டு இழை நூலில், ஒவ்வொரு தையல் கோட்டுக்கும் கால் அங்குலம் தள்ளிப் போட்டுக்கொண்டே போங்கள். எனக்கு 22 மணி நேரம் பிடித்தது. மத்தியான வெயிலில் வெளியே போக முடியாத நேரமெல்லாம் இதற்குத்தான் போனது. ஒன்று மட்டும் ஜாக்கிரதை: அது மாம்பழக் காலம். பங்கனபள்ளி சாப்பிட்ட கையோடு ஊசியை எடுக்காதீர்கள். அந்தக் கறை போர்வையைவிட நீடித்து உழைக்கும்.

மிஷினிலேயே எல்லா அடுக்கையும் தைக்க விரும்பினால், பாதத்தின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மேல் திருகைச் சற்றுத் தளர்த்தி, தையல் நீளத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். நடுக்கோட்டில் தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறிப் போக வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் மறு ஓரத்தில் மேல்துணி உருண்டு நிற்கும்.

9. ஓரம்

தனிப் பட்டி வைத்துத் தைப்பது அழகு. முதல் போர்வைக்கு வேண்டாம். உள்துண்டுகளை மட்டும் மேல்துணியின் விளிம்போடு வெட்டுங்கள். அடிப்பக்கத் துணியை ஓர் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டி, அரை அங்குலம் மடித்து, இன்னோர் அரை அங்குலம் மேல்பக்கமாக மடித்து நேர்த்தையல் போட்டுவிடுங்கள். இந்த இடத்தில் கத்தரியை மெதுவாக ஓட்டுங்கள். நான் உள்துணியை வெட்டும்போது அடித்துணியையும் சேர்த்து வெட்டி, ஒரு பக்கம் முழுக்க வேறு துணியில் ஒட்டுப் போட வேண்டியதாயிற்று. பார்த்தவர்கள் அதை வேண்டுமென்றே செய்த அலங்காரம் என்று நினைத்தார்கள், நானும் திருத்தவில்லை.

10. நாள் கணக்கு

ஏப்ரல் கடைசி வாரம் வாங்குவதும் நனைப்பதும். மே முதல் வாரம் வெட்டு. இரண்டாம் வாரம் இணைப்பு, எட்டு மணி நேரம். பதினைந்தாம் தேதிக்குள் அடுக்கி ஊக்கு குத்தியாக வேண்டும். அது தள்ளிப் போனால் இந்தக் கோடையில் முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பத்து நாள் கைத்தையல். ஓரத்துக்கு ஒரு காலைப்பொழுது. மிஷின் வேலை முழுவதையும் காலை ஐந்தரையிலிருந்து எட்டுக்குள் வைத்துக்கொண்டால் வியர்வை சொட்டி வெளிர்நிறத் துணி பழுக்காது. அடுத்த கோடைக்கான துணியை ஆடித் தள்ளுபடியில் வாங்கி, அப்போதே நனைத்து மடித்து வைத்துவிடலாம்.

முடித்ததும் முதல் முறை தனியாகக் குளிர்ந்த நீரில் அலசுங்கள், முறுக்கிப் பிழிய வேண்டாம். ஈரத்தில் கனக்கும், கொடியில் தொங்கவிட்டால் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும் என்பதால் கயிற்றுக் கட்டிலில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காய்ந்ததும் தையலோரமெல்லாம் சுருக்கம் விழுந்திருக்கும். இஸ்திரி போட்டு அதை நேராக்கப் பார்க்காதீர்கள். மெத்தென்று இருப்பது அதனால்தான்.